ஒரு பெயரைச் சோதித்துப் பார்ப்போம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 50 மாநிலங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயருக்குப் பொருள் சொல்வது எளிது. கொலராடோ என்பது ஸ்பானியச் சொல். செந்நிறமானது என்று பொருள். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிய ஆற்றுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் அது. மொன்டானா என்றால் மலைப்பகுதி. நியூயார்க்கின் பெயர் இங்கிலாந்தின் யார்க் கோமகனால் வந்தது. மின்னசோட்டா என்னும் பெயரின் முற்பகுதி டகோட்டா மக்களின் மொழியில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லாகும்.

இந்த வரிசையில் ஒரு மாநிலத்தின் பெயர் மட்டும் விசித்திரமானது. அதற்கு ஒன்றல்ல, பல பொருள்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பாடநூல்களில்கூட ஒரு பொருள் இடம்பெற்றிருந்தது. ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது அவற்றில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த மாநிலம்தான் ஐடஹோ.

அமெரிக்காவின் வடமேற்கே, ராக்கி மலைத்தொடரை ஒட்டி அமைந்த மாநிலம் இது. பரப்பளவு ஏறத்தாழ 2,16,000 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 18 லட்சத்து 39 ஆயிரம். இடம் அதிகம், ஆட்கள் குறைவு. உயர்ந்த மலைகள், ஆழமான பள்ளத்தாக்குகள், எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள் ஆகியவை நிறைந்த நாடு. இதற்கு 'மணி மாநிலம்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. மணி என்றால் இங்கே இரத்தினக்கல். 'உருளைக்கிழங்கு மாநிலம்' என்பது இன்னொரு பட்டப்பெயர்.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? ஒரு விஞ்ஞானி ஒரு கருத்தைச் சோதிப்பது போல இவற்றையும் சோதித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

பாடப் புத்தகம் சொன்ன கதை

ஐடஹோ மாநிலத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் பள்ளியில் இப்படித்தான் படித்தார்கள்: 'ஐடஹோ என்பது ஷோஷோனி என்னும் பழங்குடி மக்களின் சொல். அதன் சரியான உச்சரிப்பு ஈ-டா-ஹௌ. சூரிய ஒளி மலையிலிருந்து இறங்கி வருகிறது, பாருங்கள் என்பது அதன் பொருள்.'

எவ்வளவு அழகான பொருள்! விடியற்காலையில் மலைமுகட்டில் முதல் கதிர் படுகிறது. அது மெல்ல மெல்லச் சரிவில் இறங்குகிறது. அதைக் கண்டு ஒருவர் வியந்து கூவுகிறார். இந்தக் காட்சியை மனத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். 1917-இல் ஜான் ரீஸ் என்பவர் இந்த விளக்கத்தை ஒரு கட்டுரையாக விரிவாக எழுதினார். சொல்லை மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் கொடுத்தார். அதன் பின்பு அது மேலும் உறுதிப்பட்டுவிட்டது.

ஆனால் அழகாக இருப்பதனால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடுமா? அந்தச் சொல் முதன்முதலில் எங்கே, எப்போது வழங்கியது என்று வரலாற்று ஆசிரியர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தனர். தேடிப் போன வழி அவர்களை வேறொரு மாநிலத்துக்கு இட்டுச் சென்றது.

தங்கம் தேடியவர்கள்

1858, 1859-ஆம் ஆண்டுகளில் இன்றைய கொலராடோ மாநிலத்தின் மலைப்பகுதியில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் சல்லடையுமாக அங்கே திரண்டனர். மக்கள் பெருகியதும், அந்தப் பகுதியைத் தனி ஆட்சிப் பகுதியாக அறிவிக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அமெரிக்காவில் ஒரு நிலப்பகுதி முதலில் மத்திய அரசின் ஆட்சிப் பகுதியாக இருந்து, பிறகுதான் மாநிலமாகும்.

புதிய ஆட்சிப் பகுதிக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? சுரங்கக்காரர்களின் சார்பில் பேசுவதாகத் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்ற ஜார்ஜ் வில்லிங் என்பவர், 1860-இல் 'ஐடஹோ' என்ற பெயரைச் சொன்னார். அது பழங்குடிகளின் சொல் என்றும், 'மலைகளின் மணி' என்று அதற்குப் பொருள் என்றும் பேச்சு பரவியது. கேட்டவர்களுக்குப் பெயர் பிடித்துவிட்டது. கொலராடோவில் இன்றும் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த நாட்களின் நினைவுச் சின்னம் அது.

பல ஆண்டுகள் கழித்து, 1875-இல், நியூயார்க் நாளேடு ஒன்றில் ஒரு கடிதம் வெளியாயிற்று. வில்லிங் அந்தப் பெயரைத் தாமே கற்பனையாகச் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார் என்பது அக்கடிதத்தின் செய்தி. ஐடா என்ற சிறுமியை யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத்தான் அவருக்கு அந்தப் பெயர் தோன்றியதாம்! இதுவும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதியதுதான். ஆகவே இதையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

செனட் சபையில் நடந்தது

1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதிய ஆட்சிப் பகுதிக்கான மசோதா அமெரிக்க செனட் சபையின் முன் வந்தது. அதில் ஐடஹோ என்ற பெயர் இருந்தது. அப்போது ஓரிகன் மாநில செனட்டர் ஜோசப் லேன் மறுப்புச் சொன்னார். அவர் முன்பு ஓரிகன் ஆட்சிப் பகுதியின் ஆளுநராக இருந்தவர். வடமேற்குப் பகுதியின் பழங்குடி மக்களோடு அலுவல் தொடர்பு உடையவர். இது பழங்குடிச் சொல்லே அல்ல என்றும், எந்தப் பழங்குடியினரிடமும் இப்படி ஒரு சொல் இல்லை என்றும் அவர் கூறினார். ஐடஹோ நீக்கப்பட்டது. அந்தப் பகுதிக்குக் கொலராடோ என்று பெயர் வந்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பெயர் வேறு வழியில் வடமேற்கே பயணம் செய்துவிட்டது. 1860-இல் கொலம்பியா ஆற்றில் ஒரு நீராவிப் படகு மிதக்கவிடப்பட்டது. அதன் பெயர் ஐடஹோ! அதே சமயத்தில் அந்தப் பக்கத்து மலைகளிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. படகில் ஏறிச் சுரங்கங்களுக்குச் சென்றவர்கள் படகின் பெயரையும் உடன் கொண்டு சென்றார்கள். 1861-இன் இறுதியில் அங்கே ஐடஹோ என்ற பெயரில் ஒரு மாவட்டமே உருவாகிவிட்டது. மாநிலம் தோன்றுவதற்கு முன்பே அதே பெயரில் மாவட்டம் இருந்தது என்பது வேடிக்கைதான்.

1863-இல் அந்தச் சுரங்கப் பகுதிக்குத் தனி ஆட்சி அமைக்கும் மசோதா வந்தது. கீழ்ச்சபை அதற்கு மொன்டானா என்று பெயரிட்டிருந்தது. செனட் சபையில் ஹென்றி வில்சன் என்பவர் அதை ஐடஹோ என்று மாற்றச் சொன்னார். ஓரிகனின் அப்போதைய செனட்டர் பெஞ்சமின் ஹார்டிங், ஐடஹோ என்றால் 'மலைகளின் மணி' என்று பொருள் என எடுத்துச் சொல்லி ஆதரித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மறுத்துப் பேசிய லேன் அப்போது சபையில் இல்லை. பெயர் நிறைவேறியது. 1863 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் சட்டத்தில் கையெழுத்திட்டார். கைவிடப்பட்ட மொன்டானா என்ற பெயர் மறு ஆண்டில் பக்கத்துப் பகுதிக்குச் சென்றது. 1890 ஜூலை 3-ஆம் நாள் ஐடஹோ 43-ஆவது மாநிலமாயிற்று.

மூன்று சோதனைகள்

இப்போது நம் கையில் மூன்று விளக்கங்கள் இருக்கின்றன: மலைகளின் மணி, மலையிலிருந்து இறங்கும் சூரிய ஒளி, சிறுமி ஐடா. இவற்றை எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனை, மொழியைக் கேட்பது. ஷோஷோனி மொழி இன்றும் பேசப்படுகிறது. அந்த மொழியில் சூரியனுக்குத் 'தபெ' என்பது போன்ற ஒலியுடைய சொல் வழங்குகிறது. மலைக்குத் 'தொயபி' என்பது போன்ற சொல். நெவாடா மாநிலத்தில் உள்ள டோயாபி மலைத்தொடர் இச்சொல்லால் பெயர் பெற்றதே. ஐடஹோ என்ற ஒலியில் தபெயும் இல்லை, தொயபியும் இல்லை. சூரியனும் மலையும் இல்லாமல் 'மலையிலிருந்து இறங்கும் சூரிய ஒளி' எப்படி வரும்?

இரண்டாவது சோதனை, காலத்தைப் பார்ப்பது. லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமை தாங்கிய ஆய்வுக் குழு 1805-இல் இந்த மலைகளைக் கடந்தது. ஷோஷோனி இனத்தைச் சேர்ந்த சக்காஜவேயா என்ற இளம்பெண் அக்குழுவில் உடன் சென்றாள். அவர்களுக்குப் பின் தோல் வணிகர்கள் பல ஆண்டுகள் அங்கே சுற்றித் திரிந்தனர். மதபோதகர்கள் வந்து தங்கினர். இவர்கள் எழுதிவைத்தவற்றில் இந்த நாட்டின் பெயராக ஐடஹோ வழங்கவில்லை. அது பிரபலமானது 1860-ஐ ஒட்டித்தான். அதுவும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கொலராடோவில்!

மூன்றாவது சோதனை, விளக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. 1860-களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மணி. பாடப்புத்தகத்தில் அதே சொல்லுக்குப் பொருள் சூரிய ஒளி. ஒரு மொழியின் உண்மையான சொல்லுக்கு, சொல்பவருக்குத் தக்கபடி பொருள் மாறிக்கொண்டே போவதில்லை. சொல்லுக்கு முதலில் பொருள் இல்லாமல் இருந்து, பிறகு ஒவ்வொருவரும் ஒன்றைப் பொருத்தினால்தான் இப்படி ஆகும்.

இதன் முடிவு என்ன? மணி, சூரிய ஒளி ஆகிய இரண்டு விளக்கங்களும் சோதனையில் தோற்றுவிட்டன. சிறுமி ஐடாவின் கதைக்கு ஒரு கடிதத்தைத் தவிர வேறு சான்று இல்லை. வேறொரு கருத்தும் உண்டு. சமவெளி அப்பாச்சி மக்கள் தங்கள் பகைவரான கொமாஞ்சி இனத்தாரை 'ஈடாஹே' என்பது போன்ற சொல்லால் அழைத்தனர். கொலராடோவில் குடியேறியவர்கள் காதில் அது விழுந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர். இதுவும் ஒரு கருதுகோள்தான். ஐடஹோவின் பிறப்பு இன்றுவரை முடிவு செய்யப்படாத கேள்வி.

கேட்கப்படாதவர்கள்

இந்தக் கதையில் ஒரு கூட்டத்தாரின் குரல் மட்டும் கேட்கவேயில்லை. ஷோஷோனி மக்கள்தான் அவர்கள். அவர்களுடைய மொழியின் சொல் என்று பிறர் சொன்னார்கள். அதற்குப் பொருளும் பிறரே சொன்னார்கள்.

1863 மார்ச்சில் அந்தப் பெயர் சட்டமாயிற்று என்று பார்த்தோம். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஐடஹோவின் தென்கிழக்கு மூலையில், பியர் ஆற்றங்கரையில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் வடமேற்கு ஷோஷோனி மக்கள் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். குடியேறியவர்களின் கால்நடைகள் புல்லை மேய்ந்துவிட்டன, வேட்டை விலங்குகள் குறைந்தன, பசி வாட்டியது, மோதல்கள் எழுந்தன. 1863 ஜனவரி 29 அதிகாலையில் கர்னல் பாட்ரிக் கானர் தலைமையில் வந்த படை அந்தக் குடியிருப்பைத் தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 250 பேர் என்றும், 400-க்கும் மேல் என்றும் பல மதிப்பீடுகள் உள்ளன.

இங்கேயும் பெயர் ஒரு பங்கு வகித்தது. 1932-இல் அங்கே நிறுவப்பட்ட நினைவுச் சின்னம், நடந்ததைப் 'போர்' என்று குறித்தது. தப்பிப் பிழைத்தவர்களின் வழிவந்தோர், அது போரன்று, படுகொலை என்று சொல்லிவந்தனர். ஆவணங்களும் அதையே காட்டின. 1990-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது 'பியர் ஆற்றுப் படுகொலை நடந்த இடம்' என்றே பெயர் பெற்றது. 2018-இல் வடமேற்கு ஷோஷோனி மக்கள் அந்த நிலத்தின் ஒரு பகுதியை விலைகொடுத்து வாங்கினர். அங்கே முன்பு வளர்ந்த மரஞ்செடிகளை மீண்டும் நட்டு வளர்த்து வருகிறார்கள்.

ஒரு பெயரைச் சரியாக ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதை இது காட்டுகிறது. தவறான பெயர் உண்மையை மறைக்கும். சரியான பெயர் அதை வெளியே கொண்டுவரும்.

மண்ணுக்குள் இருந்த மணி

'மலைகளின் மணி' என்பது பொய்யான பொருள். ஆனால் அதிலிருந்து பிறந்த 'மணி மாநிலம்' என்ற பட்டப்பெயர் மட்டும் மெய்யாகிவிட்டது! ஐடஹோவில் எழுபதுக்கும் மேற்பட்ட வகை இரத்தினக் கற்கள் கிடைக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது நட்சத்திர கார்னெட். 1967-இல் அது மாநிலத்தின் அதிகாரபூர்வமான மணியாக அறிவிக்கப்பட்டது.

கார்னெட் என்ற பெயருக்குச் சான்றுள்ள வரலாறு உண்டு. லத்தீன் மொழியில் மாதுளையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது அது. மாதுளை முத்தைப் போன்ற நிறத்தால் வந்த பெயர். நவமணிகளில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஐடஹோவின் கார்னெட் கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம் உடையது. இரும்பு, அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தது. களிமண் படிவுகள் பூமிக்கு அடியில் மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டபோது இது படிகமாயிற்று. சில படிகங்களுக்குள் ரூட்டைல் என்னும் டைட்டானியம் ஆக்சைடு, மெல்லிய ஊசிகளாக அடுக்கி வைத்ததுபோல் அமைந்திருக்கும். கல்லைக் குவிந்த வடிவில் தேய்த்து மெருகேற்றி ஒரு விளக்கின் கீழே பிடித்தால், அதன் மேல் ஒரு நட்சத்திரம் தோன்றும். வெட்டும் திசைக்கு ஏற்ப அதில் நான்கு கதிர்களோ ஆறு கதிர்களோ இருக்கும்.

நட்சத்திரம் எப்படி வருகிறது? பளபளப்பான தையல் நூல்கண்டு ஒன்றை எடுத்து விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். நூல் சுற்றியிருக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு ஒளிக்கோடு தெரியும். ஒவ்வொரு நூலும் ஒளியை அந்தத் திசையில் திருப்புவதால் அது உண்டாகிறது. கார்னெட்டில் ஊசிகள் ஒரே திசையில் இல்லாமல் பல திசைகளில் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு வரிசையும் ஒரு கோட்டைத் தருகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது நட்சத்திரம் பிறக்கிறது.

இந்தக் கற்களைத் தேடப் பெயர் பெற்ற இடம் எமரால்ட் ஓடை. எமரால்ட் என்றால் மரகதம். ஓடைக்குப் புகழ் தந்ததோ கார்னெட்! மக்கள் சரளையை அள்ளிச் சல்லடையில் போட்டு நீரில் அலசுகிறார்கள். சாதாரண மணல், தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தி உடையது. இந்தக் கார்னெட் நான்கு மடங்குக்கும் மேல். எனவே இலேசான மணல் விலகிப் போக, கனமான கார்னெட் அடியில் தங்கிவிடும். தங்கம் தேடியவர்கள் பயன்படுத்தியதும் இதே தத்துவத்தைத்தான். நட்சத்திர கார்னெட் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. ஐடஹோவோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு நாடு நம் இந்தியாதான்.

உருளைக்கிழங்கின் புகழ்

மற்றப் பட்டப்பெயருக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் விளையும் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஐடஹோவில் விளைகிறது.

1837-ஐ ஒட்டி, லாப்வாய் என்னும் இடத்தில் ஹென்றி ஸ்பால்டிங் என்ற மதபோதகர் அங்கே முதலில் உருளைக்கிழங்கு பயிரிட்டதாக அறிகிறோம். பெருமளவில் சாகுபடி நடப்பது ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில். அது எரிமலைக் குழம்பு பரவிய நிலம். மேல் மண் இலேசானது. கிழங்கு பருக்க இடம் கொடுக்கும். மழை குறைவுதான். ஆயினும் மலையில் உறைந்த பனி கோடையில் உருகி ஆற்றில் வருகிறது. கால்வாய்கள் அதை வயலுக்குக் கொண்டுசெல்கின்றன. பகலில் நல்ல வெயில். அப்போது இலைகள் சர்க்கரையைத் தயாரிக்கின்றன. இரவில் குளிர், அதனால் செடி சுவாசத்தில் செலவிடும் சர்க்கரை குறைகிறது. மிச்சமாகும் சர்க்கரை மாவுப்பொருளாகக் கிழங்கில் சேர்கிறது.

ஐடஹோவுக்குப் புகழ் தந்த ரகம் ரசெட் பர்பேங்க். 1870-களில் லூதர் பர்பேங்க் என்ற தாவர வல்லுநர், ஓர் உருளைக்கிழங்குச் செடியின் காயில் இருந்த 23 விதைகளை விதைத்து, அவற்றில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெயரால் வழங்கிய அந்த ரகத்தில் பின்னர் தானாகத் தோன்றிய மாற்றமே சொரசொரப்பான பழுப்புத் தோலுடைய ரசெட் பர்பேங்க். 1928-இல் ஐடஹோ அரசு, மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே ஓர் உருளைக்கிழங்கின் உருவத்தைப் பொறித்தது. வண்டிகள் போன இடமெல்லாம் பட்டப்பெயரும் போயிற்று.

உங்கள் ஊரின் பெயர்

மாணவர்களே, உங்கள் ஊருக்கும் ஒரு பெயர்க்காரணம் சொல்லப்படும். ஒரு குறிப்பேட்டில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கதையா, வீட்டுக்கு வீடு வேறு கதையா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெயர் எழுத்தில் முதலில் எப்போது வருகிறது? கல்வெட்டிலோ, பழைய பத்திரத்திலோ, வரைபடத்திலோ அப்போது எப்படி எழுதப்பட்டிருக்கிறது? சொல்லப்படும் பொருள் அந்தக் காலத்து மொழிக்குப் பொருந்துகிறதா?

மூன்றுக்கும் விடை கிடைத்தால் நீங்கள் ஒரு நல்ல ஆராய்ச்சி செய்தவர் ஆவீர்கள். விடை கிடைக்காவிட்டால் கதையை அழித்துவிட வேண்டாம். அதன் பக்கத்தில் 'இன்னும் சான்று கிடைக்கவில்லை' என்று எழுதி வையுங்கள். ஐடஹோவின் பாடப் புத்தகத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், பல தலைமுறைப் பிள்ளைகள் சரியான பாடத்தைப் படித்திருப்பார்கள்.